இரண்டாவது இலக்கத்தைப் பயத்துக்குக் கொடுங்கள்

2029இல் முதன்முதலாக வாக்களிக்கப்போகும் வடக்கு, கிழக்குப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்



2024 செப்டெம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோது உங்களுக்குப் பதினெட்டு ஆகியிருக்கவில்லை. அடுத்தது முறைப்படி 2029இல் வரவேண்டும். அதற்குள் உங்களில் சிலர் கனடாவில் பனி தள்ளிக்கொண்டிருக்கக்கூடும். போகாமல் இங்கேயே இருக்கப்போகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். இருபத்தைந்து வருடமாகத் தேர்தல் கடமை செய்த கணக்கு வாத்தியார் நான். இந்த நாட்டில் ஆசிரியர் வேலைக்கு வந்தவனுக்கு அந்தக் கடமை கார்த்திகை மழை மாதிரி, கேட்டுக்கொண்டு வருவதில்லை. இப்போது இளைப்பாறிவிட்டேன். எந்தக் கட்சியிலும் இல்லை. இனிச் சேருகிற வயதும் இல்லை.

என் கடைசிக் கடமை அந்த 2024 தேர்தலில் வாக்கெண்ணும் மேசையில்தான். சனி இரவு முழுக்கக் கண் விழித்து எண்ணினோம். வெளியே ஊரடங்கு. ஞாயிறு விடிந்து, கட்டுகளையெல்லாம் கட்டி வைத்துவிட்டு, பிளேன்ரீ குடித்துக்கொண்டு, வீட்டுக்கு விடுவார்கள் என்று பார்த்திருந்தால், திரும்ப அவிழ்க்கச் சொன்னார்கள். எந்த வேட்பாளருக்கும் 50 வீதம் கிடைக்கவில்லை. அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 வீதம், சஜித் பிரேமதாசவுக்கு 32.76 வீதம். முதல் இருவரையும் வைத்துக்கொண்டு மற்றவர்களின் சீட்டுகளில் இரண்டாம், மூன்றாம் விருப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1982இலிருந்து நடந்த ஜனாதிபதித் தேர்தல்களில் இப்படியொரு எண்ணிக்கை அன்றுதான் முதல் தடவை.

சீட்டை விரித்துப் பிடித்தால் ஒரு முழத்துக்கும் மேலே போகும். வரிசையாகப் பெயர், சின்னம், கட்டம். நான் பார்த்த சீட்டுகளில் பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு கட்டத்தில் ஒரு புள்ளடி, அல்லது 1 என்ற இலக்கம். மற்றக் கட்டமெல்லாம் வெள்ளை. ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தால் அதுவும் அப்படி. நடுவில் எப்போதாவது ஒன்றில் 1, 2, 3 என்று மூன்று இலக்கமும் கொப்பியில் எழுதியது போல அழகாக இருக்கும். எனக்குப் பக்கத்தில் இருந்த இளம் அலுவலர் அப்படி ஒன்று வரும்போதெல்லாம் "சேர், கண்டுபிடிச்சாச்சு" என்பார். இரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்தவன் நான், எவருடைய சீட்டில் எது இருந்தது என்று சொல்லப்போவதில்லை. ஒன்றும் எழுதாத கட்டங்களைப் பற்றிச் சொல்வதில் இரகசியம் உடையாது என்று நினைக்கிறேன்.

நாடு முழுவதற்கும் கணக்குப் பாருங்கள். முதல் இருவரையும் தவிர்ந்த மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்த வாக்குகள் 33 இலட்சத்துக்கும் மேல். அவற்றிலிருந்து இரண்டாவது எண்ணிக்கையில் அநுரவுக்குப் போய்ச் சேர்ந்தவை 105,264. சஜித்துக்கு 167,867. கூட்டினால் 273,131. நூறு பேரில் எட்டுப் பேரின் வாக்குத்தான் கடைசி இருவர் வரைக்கும் நடந்துபோயிருக்கிறது. சிலர் இரண்டையும் மூன்றையும் வெளியேறியவர்களுக்கே போட்டிருப்பார்கள், அது அவர்கள் உரிமை. மிச்சப்பேர், அதாவது ஏறக்குறைய முப்பது இலட்சம் பேரில் மிகப் பெரும்பாலானோர், ஒன்றோடு பேனையை வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஏன் என்று ஊரில் கேட்டுப் பார்த்தேன். எங்கள் ஒழுங்கையில் இடியப்பம் அவித்து விற்கும் அக்கா சொன்னது இது: "ஒண்டுக்குத்தான் போடோணுமெண்டு சொன்னவை சேர். மற்றதுக்கும் போட்டால் வாக்குப் பழுதாப் போகுமாம்." யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "எல்லாரும்தான்."

அவர் "எல்லாரும்" என்றது சரி. அந்த ஒரு விடயத்தில் ஏறக்குறைய எல்லாக் கட்சிக்காரரும் ஒற்றுமை.

அந்தத் தேர்தலில் எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்று உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ரணில் விக்கிரமசிங்கவின் சின்னம் எரிவாயு சிலிண்டர். 2022இல் அந்தச் சிலிண்டருக்காக இரவிரவாக வரிசையில் நின்ற சனத்துக்கு அந்தப் படமே ஒரு மேடைப் பேச்சு: நான் போனால் வரிசை திரும்பி வரும். தமிழரசுக் கட்சி சஜித்துக்கு ஆதரவு என்று அறிவித்தது. அதே கட்சியைச் சேர்ந்த பா. அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்றார். கஜேந்திரகுமார் பொன்னம்பலத்தின் கட்சி பகிஷ்கரிக்கச் சொன்னது. ஒரு பக்கம், "சங்குக்குப் போட்டால் வாக்கு வீண், ஜேவிபிக்காரன் வந்துவிடுவான்." மறுபக்கம், "சங்குக்குப் போடாதவன் இனத்தை விற்கிறான்." மூன்றாவது பக்கம், "போனாலே பிழை." மூன்று பக்கமும் உங்கள் அம்மா அப்பாவிடம் எந்தத் திட்டத்தையும் விற்கவில்லை. மூவரும் விற்றது பயத்தை. முதலாவது எதிரியைக் காட்டி, இரண்டாவது சொந்தச் சனத்தைக் காட்டி. இரண்டாவதுதான் எனக்குக் கூடக் கசக்கிறது.

அந்தப் பயம் முழுக்கப் பொய் என்றும் நான் சொல்லமாட்டேன். இணைந்திருந்த வடக்கையும் கிழக்கையும் 2006இல் உயர் நீதிமன்றத்துக்குப் போய்ப் பிரித்து வைத்தது அநுரவின் கட்சியான ஜேவிபிதான். அதை ஒருவர் மறக்காமல் இருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். யாழ். மாவட்டத்தில் சஜித்துக்கு 121,177, அரியநேத்திரனுக்கு 116,688, ரணிலுக்கு 84,558. யாரைக் காட்டிப் பயமுறுத்தினார்களோ அந்த அநுரவுக்கு 27,086. பிறகு நவம்பர் 14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல் வந்தது. அதே மாவட்டத்தில் அநுரவின் கூட்டணியான தேசிய மக்கள் சக்திக்கு 80,830 வாக்குகள். முதலிடம், ஆறில் மூன்று ஆசனம். இரண்டு தேர்தலுக்கும் இடையில் 54 நாள். பெரும் பூதம் என்று சொன்னவரை ஐம்பத்துநாலு நாளில் வீட்டுக்குள் கூப்பிட்டுக் கதிரை போட்டுவிட்டோம். அது சரியா பிழையா என்பது வேறு கதை. செப்டெம்பரில் பயந்து போட்டவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே அவ்வளவு பயந்திருந்தார்கள், எத்தனை பேர் மேடையில் கேட்டதை வாக்குச்சாவடி வரைக்கும் காவிப்போனார்கள் என்பதுதான் என் யோசனை.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2005 நவம்பர் 17. ஒரு பாடசாலை மண்டபத்தில் எங்கள் வாக்களிப்பு நிலையம். போகவேண்டாம் என்று சனத்துக்குச் சொல்லப்பட்டிருந்தது. சொன்ன விதத்தில், ஏன் என்று கேட்க எவருக்கும் துணிவு வரவில்லை. காலை ஏழு மணிக்குப் பெட்டியைத் திறந்து வெறுமை என்று காட்டி முத்திரையிட்டோம். பின்னேரம் நான்கு மணிக்கு மூடும்போதும் அது ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. விரலுக்குப் பூசுகிற மைப்போத்தலில் நான் மூடியைத் திறந்து மூடியதுதான் மிச்சம். யாழ். மாவட்டத்தில் பதிவிலிருந்த சுமார் ஏழு இலட்சம் பேரில் அன்று வாக்களித்தவர்கள் 1.21 வீதம்.

அந்தத் தேர்தலில் மகிந்த ராஜபக்சவுக்கும் ரணிலுக்கும் இடையில் நாடு முழுவதிலும் 180,786 வாக்கு வித்தியாசம். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு மறக்காதது இன்னொரு எண். மகிந்தவுக்குக் கிடைத்தது 50.29 வீதம். பாதியைத் தாண்டி அவருக்கு இருந்தது இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம் வாக்குத்தான். மன்னாரிலோ மட்டக்களப்பிலோ எங்கிருந்தாவது இன்னும் அறுபதினாயிரம் பேர் வந்து, அவரைத் தவிர வேறு எவருக்குப் போட்டிருந்தாலும், அந்தத் தேர்தல் முதல் எண்ணிக்கையில் முடிந்திராது. நாங்கள் 2024இல் அவிழ்த்த கட்டுகளை 2005இலேயே அவிழ்த்திருப்போம். பிறகு என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தது போல் பேசுகிறவர்களையும் நான் நம்புவதில்லை.

அடுத்தது 2010 ஜனவரி 26. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து எட்டு மாதம். போட்டியில் முதல் இருவர் யார்? போரை நடத்திய ஜனாதிபதியும் போரை நடத்திய இராணுவத் தளபதியும். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு தளபதிக்குப் போடச் சொன்னது. யாழ். மாவட்டத்தில் நாலில் ஒருவர்தான் வாக்களித்தார்கள். போட்டவர்களில் 60 வீதத்துக்கு மேல் சரத் பொன்சேகாவின் அன்னத்துக்குப் போட்டார்கள். நானும் போட்டேன்.

கடமையில் இருக்கிறவர்களுக்குத் தபால்மூல வாக்கு. ஒரு அலுவலகத்தில் மேசைக்கு முன்னால் மறைப்பு வைத்திருந்தார்கள். சீட்டில் இருபத்திரண்டு பெயர். அந்த வருடப் பாடசாலை இடாப்பில், வன்னிக்குப் போய்த் திரும்பாத நான்கு பிள்ளைகளின் பெயரைச் சிவப்பு மையால் கோடு போட்டு வெட்டிவிட்டு வந்திருந்தேன். அதே கையால் அன்னத்துக்கு நேரே புள்ளடி போட்டு, மடித்து, உறையில் வைத்து ஒட்டினேன். மகிந்த திரும்ப வந்துவிடக்கூடாது என்ற ஒன்றைத் தவிர அப்போது என் மண்டைக்குள் வேறொன்றும் இல்லை. வெளியே வந்து சைக்கிளைத் திறக்கத் திறப்பைத் தேடியபோதுதான் கை நடுங்குவது தெரிந்தது.

அந்த இருபத்திரண்டில் எம்.கே. சிவாஜிலிங்கத்தின் பெயரும் இருந்தது. அவருடைய அரசியல் எனக்கு ஒத்து வராதது நிறைய உண்டு. ஆனால் அவருக்கு 1 போட்டு, பொன்சேகாவுக்கு 2 போட்டிருந்தால், அன்றைக்கு என் மனதில் இருந்ததை அந்தச் சீட்டு முழுதாகச் சொல்லியிருக்கும். எனக்கு அந்த 2 ஞாபகத்துக்கே வரவில்லை. கணக்கு வாத்தியாருக்கு!

எங்கள் ஐயாவுக்கு வந்தது. அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். வலிகாமத்தில் பத்துப் பரப்புத் தோட்டம், வெங்காயமும் மிளகாயும். 1982 ஒக்டோபர் 20, முதலாவது ஜனாதிபதித் தேர்தல். ஜே.ஆர். ஜயவர்த்தன ஒரு பக்கம். சுதந்திரக் கட்சியில் ஹெக்டர் கொப்பேகடுவ மறுபக்கம். தமிழ்க் காங்கிரசிலிருந்து குமார் பொன்னம்பலம். தமிழர் விடுதலைக் கூட்டணி இந்தத் தேர்தல் எங்களுக்கு உரியதில்லை என்றது. சுதந்திரக் கட்சியின் சிறிமாவோ காலத்தில் இறக்குமதியை நிறுத்தியதால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் விலை கிடைத்து வீடு கட்டிய கமக்காரர் யாழ்ப்பாணம் முழுக்க இருந்தார்கள். ஐயாவும் அதில் ஒருவர். 1977க்குப் பிறகு ஜே.ஆர். கதவைத் திறந்துவிட, மிளகாய் விலை விழுந்தது. எண்பத்தொன்றில் யாழ். நூலகம் எரிந்தது. ஐயாவுக்கு இரண்டு கோபம், ஒரு வாக்கு.

வாக்குப் போட்டுவிட்டு வந்து, படலையில் சைக்கிளைச் சாத்திவிட்டு, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்கு அப்போது பதினேழு. "மானத்துக்கு ஒண்டு, மிளகாய்க்கு ரெண்டு."

அம்மாவுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. பொன்னம்பலத்துக்கு 1, கொப்பேகடுவவுக்கு 2 என்று பிறகு விளங்கப்படுத்தினார். குமார் பொன்னம்பலம் அந்தத் தேர்தலில் நாடு முழுவதிலும் 173,934 வாக்குகள் எடுத்தார், யாழ். மாவட்டத்தில் முதலாவதாக வந்தார். ஜே.ஆர். 52.91 வீதத்தோடு முதல் எண்ணிக்கையிலேயே வென்றுவிட்டபடியால் ஐயாவின் 2ஐ எவரும் பார்க்கவில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பயம் தமிழருக்கு மட்டும் எழுதி வைத்த சீதனம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த 1982 தேர்தல் முடிந்த கையோடு, நாட்டில் நக்சலைட் சதி இருக்கிறது என்று ஜே.ஆர். சொன்னார். பாராளுமன்றத் தேர்தலை வைக்காமல், விளக்குக்கும் பானைக்கும் ஒரு சர்வசன வாக்கெடுப்பு வைத்து, இருந்த பாராளுமன்றத்தின் ஆயுளை இன்னும் ஆறு வருடத்துக்கு நீட்டினார். நடிகர் விஜய குமாரதுங்கவைக்கூட நக்சலைட் என்று உள்ளே போட்டார்கள். ஒன்றும் நிரூபிக்கப்படவில்லை. 1988 டிசம்பர் ஜனாதிபதித் தேர்தலில் தெற்கில் வாக்குச்சாவடிக்குப் போகிறவனைக் கொல்லுவோம் என்று ஜேவிபி மிரட்டியது. நாட்டில் பாதிக்குச் சற்று மேலான பேர்தான் போனார்கள். அதே ஜேவிபியின் தலைவரைக் காட்டித்தான் 2024இல் மற்றவர்கள் சனத்தைப் பயப்படுத்தினார்கள்.

2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் சிங்கள ஊர்களில் விற்பனையானது முஸ்லிம்களைப் பற்றிய பயம். அதற்கு முதல் வருடம் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடைக் கொத்துரொட்டியில் மலட்டு மாத்திரை கலந்திருக்கிறது என்று கதை கட்டிக் கடையை உடைத்தார்கள். இரசாயனப் பகுப்பாய்வில் அது மாவுக்கட்டி என்று தெரிந்தது. கதை நிற்கவில்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு அது உண்மையான பிணங்களோடு சேர்ந்துகொண்டது. பாதுகாப்புத் தருவேன் என்று வந்த கோட்டாபயவுக்கு 69 இலட்சம் பேர் போட்டார்கள். அந்த 69 இலட்சம் என்ற எண்ணே பிறகு சிங்களத்தில் ஒரு நக்கல் சொல்லாகப் போனது. 2022 ஜூலையில் அவர் நாட்டை விட்டு ஓடியபோது, பாதுகாப்புக்காகப் போட்டவன் பெற்றோல் வரிசையில் வாகனத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்தான்.

அந்த 2019இல் எங்கள் பக்கம் கோட்டாபயவுக்குப் பயந்து சஜித்துக்குக் கொட்டியது. யாழ்ப்பாணத்தில் 80 வீதத்துக்கு மேல். அநுர குமாரவுக்கு நாடு முழுவதிலும் கிடைத்தது 418,553 வாக்கு, 3.16 வீதம். வீணாய்ப் போன வாக்கு என்றார்கள். ஐந்து வருடத்தில் அது 56 இலட்சமானது. பொருளாதாரம் விழாமல் இருந்திருந்தால் ஆகியிராது, அதுவும் உண்மை. இருந்தாலும், அந்த நான்கு இலட்சம் பேரும் பயந்து வேறிடம் போயிருந்தால் 2022இல் சனம் திரும்பிப் பார்க்க அங்கே எவரும் நின்றிருக்க மாட்டார்கள்.

பயந்து போட்டதால் நன்மையே வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. 2015 ஜனவரி 8 தேர்தலுக்குச் சில நாள் முன்னர் மகிந்த யாழ்ப்பாணத்துக்கு வந்து, தெரியாத தேவதையை விடத் தெரிந்த பேய் நல்லது, நான்தான் அந்தத் தெரிந்த பேய், எனக்கே போடுங்கள் என்ற கருத்தில் பேசினார். ஒரு வேட்பாளர் தன் வாயாலேயே தன்னைப் பேய் என்று சொல்லி வாக்குக் கேட்டதை நான் அன்றுதான் கேட்டேன். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. யாழ்ப்பாணம் தேவதைக்குப் போட்டது, நூற்றுக்கு எழுபதுக்கு மேல். மைத்திரிபால சிறிசேன வந்தார். பத்தொன்பதாவது திருத்தம் வந்தது, தகவல் அறியும் சட்டம் வந்தது, கொஞ்சம் காணி திரும்ப வந்தது, மூச்சுவிட ஒரு இடைவெளி வந்தது. பிறகு 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி இரவு, அதே மைத்திரிபால அதே மகிந்தவைக் கூப்பிட்டுப் பிரதமராக நியமித்தார். எவர் வரக்கூடாது என்று போட்டோமோ அவரை, எவரை வரவேண்டும் என்று போட்டோமோ அவரே கூட்டிவந்தார். அன்றிரவு ரீவியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தேன். வீட்டில் பயந்துபோனார்கள்.

இனிப் பாடம். கொப்பியை எடுங்கள், நேரம் எடுக்காது.

வரக்கூடாது என்று நீங்கள் நினைக்கிறவர் அ. அவரைத் தடுப்பதற்காக மேடையில் காட்டப்படுகிறவர் ஆ. உங்கள் மனதுக்குச் சரியானவர், ஆனால் வெல்லமாட்டார் என்று எல்லோரும் சொல்கிறவர் இ. நீங்கள் இக்கு 1 போட்டு ஆவுக்கு 2 போடுகிறீர்கள். அ பாதிக்கு மேல் எடுத்துவிட்டார் என்று வைப்போம். உங்கள் 1 ஆவுக்குப் போயிருந்தாலும் அவின் வாக்கு ஒன்றுகூடக் குறைந்திராது, மொத்தமும் மாறியிராது. ஆகவே நட்டம் இல்லை. அ பாதியை எட்டவில்லை என்று வைப்போம். முதல் இருவர் அவும் ஆவும். இ வெளியேறுகிறார். உங்கள் சீட்டில் 2 இருக்கிறது, அது ஆவிடம் போகிறது. 1 போட்டிருந்தால் எவ்வளவு பெறுமதியோ அதே பெறுமதி. அங்கேயும் நட்டம் இல்லை. 1981ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஜனாதிபதித் தேர்தல் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கும் வசதி இது.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதை மறைத்தால் நானும் மேடைக்காரன் ஆகிவிடுவேன். போட்டி மும்முனையாக நெருங்கி, ஆ மூன்றாம் இடத்துக்குத் தள்ளுப்படுகிற நிலை இருந்தால், அவரை இரண்டாம் இடத்தில் வைத்திருக்க உங்கள் 1 தேவைப்படலாம். அப்படி நடக்கக்கூடுமா என்று அந்த நேரத்தில் நீங்களே பார்த்து முடிவெடுங்கள். 2024இல் மூன்றாவதாக வந்த ரணில் இரண்டாமவரை விட இருபது இலட்சம் வாக்குப் பின்னால் நின்றார்.

அமெரிக்காவில், வாக்கு வீணாகிவிடும் என்ற பயத்துக்கு நியாயம் உண்டு. 2000ஆம் ஆண்டில் புளோரிடாவில் புஷ் 537 வாக்கால் வென்றார். மூன்றாவது வேட்பாளர் ரால்ப் நேடருக்கு அங்கே தொண்ணூறாயிரத்துக்கு மேல் விழுந்திருந்தது. அவர்களுடைய சீட்டில் 2 போட இடம் இருக்கவில்லை. "வாக்கை வீணாக்காதே" என்ற பேச்சு அப்படிப்பட்ட ஊருக்குரியது. எங்களுடைய சீட்டுக்கு அது பொருந்தாது. பொருந்தாததை நாற்பது வருடத்துக்கு மேலாக எங்களுக்குச் சொல்லி வருகிறார்கள்.

ஏன் சொல்கிறார்கள்? 2 போடச் சொன்னால் மற்றவனும் மனிதன்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். சங்குக்காரர் "இரண்டாவதை இன்னாருக்கு" என்று சொல்லியிருந்தால், அதற்கு முன் அந்த இன்னாரிடம் போய், எங்கள் இரண்டு இலட்சம் பேரின் 2க்கு நீ என்ன எழுத்தில் தருவாய் என்று கேட்டிருக்க வேண்டும். அரியநேத்திரனுக்குக் கிடைத்தது 226,343 வாக்கு. அநுரவுக்கும் சஜித்துக்கும் இடையில் கடைசி வித்தியாசம் பன்னிரண்டு இலட்சம், ஆகவே முடிவு மாறியிராது. ஆனால் தேர்தலுக்கு முதல்நாள் வரைக்கும் அது எவருக்கும் தெரியாதே. பேரம் பேசுகிற நேரம் அதுதான். அந்த வேலைக்குப் பயத்தை விடக் கூட உழைப்பு வேண்டும். பயத்துக்கு ஒரு ஒலிவாங்கி போதும்.

2029இல் உங்கள் வீட்டுக்கும் வருவார்கள். வெள்ளை வேட்டியோடும் வருவார்கள், ரீசேட்டோடும் வருவார்கள், போனுக்குள்ளாலும் வருவார்கள். "தம்பி, தங்கச்சி, இந்த முறை மட்டும்" என்று தொடங்குவார்கள். நான் வாக்களித்த ஒவ்வொரு முறையும் "இந்த முறை மட்டும்"தான். அவர்களோடு சண்டை பிடிக்க வேண்டாம். தண்ணி கொடுங்கள், சொல்வதைக் கேளுங்கள். பிறகு ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "உங்கட ஆளுக்கு ஒண்டு போட்டால், ரெண்டை ஆருக்குப் போடச் சொல்லுறியள்?" பதில் சொல்கிறவர் உங்களை வாக்காளராகப் பார்க்கிறார். முழிக்கிறவருக்கு இன்னொரு கிளாஸ் தண்ணி கொடுத்து அனுப்புங்கள்.

பயம் உங்களுக்கு இருந்தால் அதை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இந்த மண்ணில் பயப்படுவதற்குக் காரணம் தேடி அலையத் தேவையில்லை. அதற்கு 2ஐக் கொடுங்கள், இன்னும் பயம் மிச்சம் இருந்தால் 3ஐயும் கொடுங்கள். 1 மட்டும் அதற்குப் போகக்கூடாது. 1 என்பது, என்னைக் கேட்டால் நாடு எப்படி இருக்கவேண்டும் என்று நீங்கள் சொல்கிற இடம். எங்கள் ஐயா அதற்கு வேறு சொல் வைத்திருந்தார், மேலே எழுதியிருக்கிறேன்.

எழுதும் விதம் பற்றியும் இரண்டு வார்த்தை, ஏனென்றால் 2024இல் மூன்று இலட்சம் வாக்கு நிராகரிக்கப்பட்டது. விருப்பு வாக்குப் போடுவதானால் புள்ளடியை மறந்துவிடுங்கள், 1, 2, 3 என்று இலக்கமே எழுதுங்கள். புள்ளடியையும் இலக்கத்தையும் கலக்காதீர்கள். 4 என்று ஒன்று கிடையாது. ஒரே இலக்கத்தை இருவருக்குப் போடாதீர்கள். பெயரோ கையெழுத்தோ வசனமோ எழுதாதீர்கள், உங்கள் ஆத்திரம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும். அப்படி எழுதியவற்றை வாசித்து இரசித்துவிட்டு நிராகரித்த கட்டில் வைத்தவர்களில் நானும் ஒருவன்.

இன்னும் ஒன்று. கிராம சேவகர் வாக்காளர் இடாப்புப் படிவத்தோடு வீட்டுக்கு வரக்கூடும். நீங்கள் ரியூசனுக்குப் போயிருப்பீர்கள், வீட்டில் ஒருவரும் இல்லாவிட்டால் படிவத்தைப் படலையில் செருகிவிட்டுப் போவார், மழையில் நனையும். இந்த முறை அவர் வரும் நாளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு ஆனவர்கள் உங்கள் பெயரை, அடையாள அட்டையில் இருக்கிற அதே எழுத்துக்கூட்டலோடு, உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்கு வாத்தியார்